பெடலில் வைத்த பொட்டு

என்ஜின் மெக்கானிக்கைத் தேடி வருகிறவன் வண்டி ஓடவில்லை என்று வருவான். பிரேக் மெக்கானிக்கைத் தேடி வருகிறவன் எதையாவது இடித்துவிட்டுத்தான் வருவான். அதனால் சிரித்த முகத்தோடு என் ஷெட்டுக்குள் நுழைந்த வாடிக்கைக்காரர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒருத்தர் மதிலை இடித்திருப்பார், ஒருத்தர் மாட்டை இடித்திருப்பார், ஒருத்தர் சொந்த மாமனாரையே இடித்திருப்பார். கோபம் மட்டும் எல்லாருக்கும் என் மேல். இதைப் படிக்கிறவர்களில் ரிப்பேர் தொழிலில் காலம் தள்ளியவர்கள் இருந்தால், அது கடிகாரமானாலும் சரி, தையல் மிஷினானாலும் சரி, அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் தலையெழுத்து ஒன்றுதான்.

யுத்த காலத்தில் ராயப்பேட்டையில் எனக்கு ஒரு தகர ஷெட் இருந்தது. பெயர் தணிகாசலம் என்றாலும் எல்லாருக்கும் நான் பிரேக் மேஸ்திரி. பக்கத்து ஷெட்டில் கரீம் பாய் லேத் வைத்திருந்தார். என் வயதுக்காரர். நான் கழற்றுவேன், அவர் கடைந்து கொடுப்பார், நான் பூட்டுவேன். எத்தனையோ வண்டிகள் வந்தன, போயின. நான் சொல்லப் போவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி. பின்னால் திறந்த தொட்டி வைத்த அமெரிக்கா பிக்கப், பச்சை நிறம், அப்போதே பத்து வயசு தாண்டிய கிழம். மற்ற வண்டியெல்லாம் மறந்துவிட்டது. இதை மறக்க முடியவில்லை.

மேடில்லாத ஊர்

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய சமயம். கப்பலேறிப் போன ஒரு துரையிடமிருந்து மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் இந்தப் பச்சை வண்டியை வாங்கினார். வெண்கலப் பானையும் சட்டப் புஸ்தகமும் ஏற்றிக்கொண்டு காஞ்சீபுரம் பக்கம் போய்விட வேண்டும் என்பது திட்டம். போகிற வழியில் என்னிடம் காட்டினார்.

இந்த வண்டிக்கு பிரேக் வேலை செய்வது எண்ணெயில். பெடலை மிதித்தால் குழாயிலுள்ள எண்ணெய் நாலு சக்கரத்துக்கும் ஓடி, அங்கங்கே இருக்கும் சின்ன ரப்பர் வாஷர்களைத் தள்ளும். வாஷர் தள்ளினால் பிரேக் கட்டை விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். வாஷர் கசிந்தால் எண்ணெய் போச்சு. எண்ணெய் போனால் பெடல் சும்மா தரையைத் தொட்டுவிட்டு வரும், அப்புறம் ஆண்டவன் விட்ட வழி. வக்கீல் வண்டியில் நாலு சக்கரமும் கசிந்தது. ரெண்டு நாள் வேண்டும் என்றேன். ஜப்பான்காரன் ரெண்டு நாள் வாய்தா கொடுக்க மாட்டான் என்றார். அப்படியே ஓட்டினால் ஆபத்து என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டே அவர் சொன்னார்:

"ஓய் மேஸ்திரி, மெட்ராஸ்ல மேடு ஏது, பள்ளம் ஏது? பிரேக்குன்னு ஒண்ணு எதுக்குங்காணும்?"

எங்காத்து எண்ணெய்

குண்டு விழவில்லை என்று தெரிந்து ஊர் திரும்பியது. வக்கீலும் திரும்பினார். வரும் வழியில் எதையும் இடிக்கவில்லை என்பதில் அவருக்கு என்னைப் பார்த்து ஒரு ஏளனம் வேறு. மவுண்ட் ரோடு கடைகளில் நாலு நாள் அலைந்து, தேடிப் பிடித்து, நாலு சக்கரத்துக்கும் ரப்பர் வாஷர் போட்டேன். வாங்கின கடையில் கடைசியாக இருந்தவை அவைதான். சீமையிலிருந்து வரும் பிரேக் எண்ணெய் அப்போது கண்ணில் பார்க்கக் கிடைக்காது. விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து நானே தயார் செய்வேன். அதில் ரப்பருக்குக் கெடுதல் இல்லை. "குறைஞ்சா கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கோங்க" என்று வக்கீலிடம் சொல்லி அனுப்பினேன். என் ஷெட்டில் எண்ணெய் என்றால் அந்த ஒரு பாட்டில்தான். இது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்தேன் பாருங்கள், அது என் புத்தி.

பத்து நாள் கழித்து லஸ் மூலையில் வண்டி நட்ட நடுவே நின்றுவிட்டது, சக்கரத்தில் புகை. ஓடிப் போய்க் கழற்றினால் தோசை வார்க்கிற வாசனை. வாஷர் நாலும் உளுந்து வடை மாதிரி உப்பிக் கிழிந்திருந்தன. நல்லெண்ணெய்! வீட்டுக்கே போய் நான் கத்தினேன். வக்கீல் கோர்ட்டில் பேசுகிறவர், வீட்டில் வாய் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அவர் வீட்டு அம்மாள்தான் சொன்னாள்:

"எண்ணெய்ன்னா எங்காத்துல நல்லெண்ணெய்தான். வெளக்கெண்ணெய் வேணும்னா வெளக்கெண்ணெய்ன்னு வாயைத் திறந்து சொல்றதுக்கு உமக்கு என்ன கேடு?"

கரீம் பாயின் தோல்

அந்த அம்மாள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு சக்கரத்தில் பூட்ட முடியாது. ரப்பர் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. மவுண்ட் ரோட்டில் கேட்டால் சிரித்தார்கள். வண்டி என் ஷெட்டில் ஒரு மாதம் கிடந்தது.

வழி சொன்னவர் கரீம் பாய். கிணற்று பம்புக்குத் தோலில் வாஷர் போடுவதில்லையா, இதற்கு ஏன் போடக்கூடாது என்றார். பெரியமேட்டிலிருந்து நல்ல தோலாகப் பார்த்து வாங்கி வந்து, விளக்கெண்ணெயில் மூன்று நாள் ஊற வைத்து, பித்தளையில் தாமே கடைந்த அச்சில் வைத்து அழுத்தி, நாலு வாஷர் செய்து கொடுத்தார். பூட்டி மிதித்தேன். வண்டி கோடு கிழித்த மாதிரி நின்றது. நான் துள்ளிக் குதித்தேன். பாய் குதிக்கவில்லை. வண்டியை ஒரு வாரம் சும்மா நிறுத்தச் சொன்னார். எட்டாம் நாள் மிதித்தால் பெடல் தரைக்குப் போயிற்று. தோல் காய்ந்து சுருங்கியிருந்தது. ஏறி நின்று பத்து மிதி மிதித்த பிறகுதான் எண்ணெய் ஊறி மறுபடி பிடித்தது. அப்போது அவர் சொன்னதை நான் எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்:

"தோலு ஜான்தார் சாமான் தணிகாசலம், உசுரு கீற மாதிரி. தெனம் வேலை குடுத்தா நிக்கும். சும்மா வுட்டியா, மௌத்தாப் போய்டும்."

ஒன்பது கூடை

வக்கீலுக்கு அந்த வண்டி கசந்துவிட்டது. பட்டினப்பாக்கம் கன்னியப்பனுக்குத் தள்ளிவிட்டார். கன்னியப்பன் கட்டுமரம் ஏறிக்கொண்டிருந்தவன். ஒரு முழங்கை மடங்காமல் போனதால் கடலை விட்டு லாரி ஓட்டப் பழகியவன். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டான். அவன் பெண்டாட்டி அஞ்சலை அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். அவளும் குப்பத்துப் பெண்கள் எட்டுப் பேரும், ஆளுக்கொரு கூடை மீனோடு விடியற்காலையில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில்தான் இறங்குவார்கள். அதற்கு முன்னால் அவ்வளவு தூரமும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மீன் தண்ணீர் முகத்தில் வழிய, ஓட்டமும் நடையுமாகப் போனவர்கள். அஞ்சலை மட்டும் பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைசியில் உட்காருவாள். கூடை சரிந்தால் பிடிக்க ஆள் வேண்டுமே.

அவர்களைப் பார்த்த அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், தூக்கம் குறைந்தது. வெண்கலப் பானை ஏற்றின வண்டிக்குப் போட்ட தோல் அது. இப்போது அதில் ஒன்பது பெண்கள். கன்னியப்பனை உட்கார வைத்துச் சொன்னேன்: தினமும் ஓட்டு. ஒரு நாள் நின்றால்கூட மறுநாள் எடுக்கும் முன் ஏறி நின்று பத்து மிதி. தொடுவது போதாது, மிதிக்க வேண்டும். ரப்பர் வந்தால் முதல் வண்டி உன் வண்டிதான். அவன் பத்து மிதி, பத்து மிதி என்று எனக்கே திருப்பிச் சொன்னான். வண்டியை விற்றுவிடு என்று சொல்லலாமா என்று நாக்கு வரை வந்தது. அதற்குள் அஞ்சலை பின்பலகையிலிருந்து குரல் கொடுத்தாள்:

"இந்த வண்டி வந்தாங்காட்டிதான் மேஸ்திரி, என் கழுத்து நிமிந்து கீது!"

சார்ஜெண்டின் சர்ட்டிபிகேட்

வண்டிகளுக்குப் பிரேக் பரீட்சை வைத்தார்கள். போலீஸ் சார்ஜெண்ட் ஒருத்தர், சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியர், கடற்கரை ரோட்டில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டு நிற்பார். அந்தக் கோட்டைத் தாண்டாமல் வண்டி நிற்க வேண்டும். தாண்டினால் வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது. கன்னியப்பனுக்கு முன் போன மூன்று வண்டிகள் தாண்டின. அஞ்சலை கோட்டுப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டு முண்டகக்கண்ணியம்மனை வேண்டிக்கொண்டிருந்தாள். நானும் வேண்டிக்கொண்டேன், ஆனால் என்னவென்று எனக்கே தெரியவில்லை. வண்டி தேறவேண்டும் என்று பாதி மனசு, தோற்றால் நிம்மதி என்று பாதி மனசு.

கன்னியப்பன் கோட்டுக்கு வெகு முன்பே மூன்று தடவை மிதித்து, நாலாவது மிதியில் நிறுத்தினான். முன் சக்கரம் சரியாகச் சுண்ணாம்பின் மேல் நின்றது. சார்ஜெண்ட் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்:

"நிக்கறான் மேன், நிக்கறான். ஆனா யோசனை பண்ணி நிக்கறான்."

வாழையிலையில் ஸ்பேனர்

அடுத்தது ஆயுத பூஜை. எங்கள் தெருவில் என் பூஜைக்கு ஒரு பெயர் உண்டு. ஷெட்டைக் கழுவி, தலைவாழையிலை போட்டு, சின்ன ஸ்பேனரிலிருந்து பெரிய ஸ்பேனர் வரை வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். படைத்த ஆயுதத்தை மறுநாள் தேங்காய் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை கை படக்கூடாது. ஒரு வருஷம்கூட நான் அதில் தவறியதில்லை. அதில் எனக்குக் கர்வம் என்றே சொல்லலாம்.

அந்த வருஷம் கடல் நாலு நாளாகச் சீறிக்கொண்டிருந்தது. கட்டுமரம் இறங்கவில்லை, பச்சை வண்டியும் நகரவில்லை. பூஜை அன்று மத்தியானம் நான் பொரி கடலை வழங்கிக்கொண்டிருந்தபோது கன்னியப்பன் பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வந்தான். கடல் இறங்கிவிட்டது, நாளைக் காலையில் பெரிய லோடு வரும் என்றான். நேற்று வண்டியைக் கழுவும்போது மிதித்துப் பார்த்தானாம், பெடல் தரையைத் தொடுகிறதாம். ஒரு நடை வந்து பார்க்கச் சொன்னான். நான் இலையைக் காட்டினேன். அவனுக்கும் புரிந்தது, அவனும் நம்மவன்தானே. கரீம் பாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "என் ஸ்பேனரு சும்மாதான் கீது தணிகாசலம், எட்துக்கினு போ. உன் வேலை எனக்குத் தெரியாது, தெரிஞ்சா நானே போவேன்" என்றார். ஸ்பேனர் உங்களுடையதானாலும் கை என்னுடையதுதானே பாய் என்றேன். இன்றைக்கு அந்த வாக்கியத்தை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குச் சொல்லும்போது தெருவில் ரெண்டு பேர் தலையாட்டினார்கள், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து மிதி மிதித்தால் ஏறிக்கொள்ளும், லோடு இறக்கிவிட்டு நேரே இங்கே வா, முதல் வேலை உன்னுடையதுதான் என்று சொல்லி அனுப்பினேன். கன்னியப்பன் துண்டை விரித்துப் பிடித்தான்:

"நீ சொன்னா சரிதான் மேஸ்திரி. இன்னும் ரெண்டு கை பொரி போடு, பொம்பளைங்க கேப்பாங்கோ."

சிந்தாதிரிப்பேட்டைப் பாலம்

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஆயுதங்களை எடுப்பதற்காகக் கையில் தேங்காயோடு நின்றேன். பித்தளைக் கம்பி வாங்க சிந்தாதிரிப்பேட்டைக்குப் போயிருந்த கரீம் பாய் வெறுங்கையோடு ஓடி வந்தார். "பச்ச வண்டி" என்றார். தேங்காயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

கூவம் பாலத்து இறக்கத்தில் நடந்திருக்கிறது. மேடில்லாத ஊரில் இருக்கிற மேடெல்லாம் பாலம்தான். விடியற்காலையில் ரோடு காலி, அதனால் அதுவரை கியரைப் போட்டே மெதுவாக வந்துவிட்டான். இறக்கத்தில் விறகு ஏற்றின மாட்டு வண்டி குறுக்கே வர, கால் விரல் பட்டதுமே பெடல் தரைக்குப் போய்விட்டது. மாட்டையும் வண்டிக்காரனையும் தப்ப விட்டு, பாலத்துச் சுவரோடு அணைத்துவிட்டான். முன்பக்கம் சுவரில் உரசி நிற்க, பின்பக்கம் சுழன்று போய்ச் சுவரில் மோதியது. எட்டுப் பெண்களுக்கும் காயத்தோடு போயிற்று. பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அஞ்சலையின் கால் மாட்டிக்கொண்டது. நான் போவதற்குள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். ரோடெல்லாம் மீன். அவ்வளவு மீன் கிடந்தும் ஜனங்களில் ஒருத்தர்கூடக் குனிந்து எடுக்கவில்லை, காக்கைதான் எடுத்தது.

கதவைத் திறந்து பெடலைப் பார்த்தேன். மூன்று கோடு சந்தனம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கலையவே இல்லை. கீழ் மூலையில் மட்டும், கட்டை விரல் பட்ட அளவுக்கு, அழிந்திருந்தது. போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நின்றிருந்த கன்னியப்பன் நான் பார்ப்பதைப் பார்த்தான்.

"பொட்டு வெச்ச எடத்துல ஏறி நின்னு பத்து மிதி மிதிக்க மனசு வரல மேஸ்திரி. ஓரமா வெரலால தொட்டுக் கும்புட்டுனு எட்தாந்துட்டேன்."

பெண்கள் வார்டு

தொழில் தெரிந்தவர்கள் கேட்பீர்கள், பத்து மிதி மிதித்திருந்தால் நின்றிருக்குமா என்று. வாஷர்களைக் கழற்றிப் பார்த்தேன். நாலு நாள் ஓய்வில் நாலும் காய்ந்து ஓரம் சுருண்டிருந்தன. ஒருவேளை பிடித்திருக்கும், ஒருவேளை பிடித்திருக்காது. முதல் நாளே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் போகவில்லை. வேறு எதைச் சொல்லி மழுப்பினாலும் அது அங்கேயேதான் வந்து நிற்கிறது.

அஞ்சலைக்கு முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்கு அவளைப் பார்க்கத் தைரியம் வந்தது. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அங்கே பார்க்காமலிருக்க நான் படாத பாடு பட்டேன். அவளுக்குத்தான் என்னைப் பார்த்துப் பாவமாக இருந்தது போலிருக்கிறது. "நீ இன்னாத்துக்கு மொகத்த தொங்கப் போட்டுனு கீற? மிதியில பொட்டு வெச்சது என் கை. அந்த ஆளு வேணாம் வேணாம்னுதான் சொல்லிச்சி" என்றாள். கன்னியப்பன் பூஜை அன்று என்னிடம் வந்ததை அவளிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னைக் காட்டிக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

அப்படியே பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் முடியவில்லை. அவன் வந்தான், கூப்பிட்டான், இலையில் வைத்த ஸ்பேனரைத் தொட மாட்டேன் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.  அவளோ என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

"நல்ல நாளும் அதுவுமா எப்டி தொடுவ? நானும்தான் அருவாமணைய படைச்சுட்டு கீறேன். பக்கத்தூட்டுக்காரி அவசரத்துக்குக் கேட்டா, குடுத்தனா?"

டப்பாவில் வந்த ரப்பர்

யுத்தம் முடிந்து, மிலிட்டரிக்காரர்கள் மிச்சம் மீதியை ஏலம் விட்டபோது, பிரித்துக்கூடப் பார்க்காத டப்பாக்களில் ரப்பர் வாஷர் குவிந்து கிடந்தது. சொன்ன வாக்குப்படி முதல் வண்டியாகப் பச்சை வண்டிக்குத்தான் போட்டேன். கன்னியப்பன் அதை விற்கவில்லை. அஞ்சலை இப்போது முன் சீட்டில் கக்கத்துக் கட்டையோடு உட்கார்ந்து போகிறாள். மார்க்கெட்டில் இறங்கி எழுந்திருக்காமல் விற்கிறாள். ஒரு காலத்தில் நிமிர்ந்துவிட்டது என்று சொன்ன அந்தக் கழுத்து கட்டையில் சாய்ந்து சாய்ந்து ஒரு பக்கமாகப் போய்விட்டது. புது வாஷரைக் கன்னியப்பன் உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தான். அது அமுங்கி அமுங்கி எழுந்தது. "இவ்ளோண்டு சாமானா?" என்று மட்டும் கேட்டான்.

இப்போதும் ஆயுத பூஜைக்கு இலை போடுகிறேன். ஆனால் ஒரு செட் ஸ்பேனரைப் படைப்பதில்லை. அன்று முழுக்க அதைப் பையில் போட்டுக்கொண்டு ஷெட் வாசலில் உட்கார்ந்திருப்பேன். வருஷா வருஷம் ஒருத்தரும் வந்ததில்லை. போன பூஜைக்கு வக்கீல் அந்தப் பக்கமாக வந்தவர், பொரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டே என் பையை எட்டிப் பார்த்தார்:

"என்ன ஓய், சரஸ்வதி பூஜையும் அதுவுமா ஆயுதத்தை மடியில வெச்சுண்டு ஒக்காந்திருக்கீர்? தெய்வ குத்தம் வந்து சேருமே!"

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் கிடந்து நான் கண்ட சாஸ்திரம் இவ்வளவுதான்: சாமி ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும், தோல் வாஷர் பொறுத்துக்கொள்ளாது.